நாற்பத்தோராம் பக்கத்துக் காலிக் கட்டம்

செவ்வாய்க்கிழமை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம் என்று எழுதத்தான் கை போகிறது. எழுதினால் நீ சிரிப்பாய் என்று விட்டுவிட்டேன். வாரத்துக்கு ஒரு தாள், இரண்டு பக்கமும் எழுதலாம் என்று பட்டாளத்து முகாம் வாசலில் சொன்னார்கள். உன்னைக் கொண்டுபோய் இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது.

நீ வெளியூர்ப் பயிற்சிக்குப் போயிருப்பதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். வீட்டைச் சோதிக்க வந்தபோது, தெரு முழுக்க எல்லா வீட்டிலும் பார்க்கிறார்கள் என்று சமாளித்தேன். ‘பயிற்சிக்குப் போறவன் மாத்துச் சட்டைகூட எடுக்காமலா போவான்?’ என்று கேட்டாள். முட்டிவலி அப்படியே இருக்கிறது, வாயும் அப்படியே இருக்கிறது.

விசாரணை அதிகாரியை வியாழக்கிழமை பார்த்தேன். தன்மையாகத்தான் பேசினார், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சோதனைச் சாவடியில் உன் பையிலிருந்து எடுத்த ஒன்பதாம் நோட்டு மேஜைமேல் இருந்தது. இது விளையாட்டு ஐயா என்றேன். பெரிய போர் முடிந்து நாடே நாசமாய்ப் போன பிறகு, மேலிடத்து உத்தரவே வராமல் அலைகிற ஒரு பட்டாளம் சின்ன ஊர் ஒன்றுக்குள் நுழைகிறது. அந்த ஊரை இவன் நோட்டில் கற்பனையாகக் கட்டிக் கொடுப்பான். யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று முன்கூட்டியே எழுதி ஒளித்து வைப்பான். நண்பர்கள் மூன்று பேர் சிப்பாய்களாக உட்கார்ந்து, பேசிப் பேசியே கண்டுபிடிப்பார்கள், இழுபறி வந்தால் பகடை உருட்டுவார்கள். இப்படி எனக்குப் புரிந்த மட்டும் ஒப்பித்தேன். ‘இதுல யாரு ஜெயிப்பாங்க?’ என்று கேட்டார். யாரும் ஜெயிக்க மாட்டார்கள் என்றேன். ‘அப்புறம் எதுக்கும்மா விளையாடுறாங்க?’ என்றார். அதையே ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் நானும் உன்னிடம் கேட்டிருக்கிறேன், அவருக்கு என்ன பதில் சொல்வது?

நீ பேர் வைக்காததுதான் பெரிய வினையாகிவிட்டது. உன் ஊரில் ஒருத்தருக்கும் பேர் கிடையாது. பம்புக்காரன், கம்பவுண்டர், ரொட்டிக்கடைக்காரி, கேப்டன், இவ்வளவுதான். சங்கேதப் பேர் என்கிறார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் எதிரே ஆசை, பயம், பொய் என்று மூன்று கட்டம் போட்டிருக்கிறாயே, அதை ஆள் பிடிக்கிற பட்டியல் என்கிறார்கள். வரைபடமாவது சொந்தமாக வரைந்தாயா என்றால் அதுவும் இல்லை, சோம்பேறித்தனமாக நம் ஊரையே ஒற்றி எடுத்து வைத்திருக்கிறாய். ஆற்றை மட்டும் கொஞ்சம் வளைத்துவிட்டால் வேறு ஊராகிவிடுமா?

உன் கூட்டாளிகளையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். பல் டாக்டர் வாயே திறக்கவில்லையாம். கணக்கு வாத்தியார் மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை என்று விறைப்பாக நின்றிருக்கிறார். சோடாபுட்டி, விளையாட்டில் தன் வேஷம் எதுவோ அதையே சொல்லி, தான் தூரத்துக் குறி பார்த்துச் சுடுகிறவன் என்று ஒப்புக்கொண்டுவிட்டான். பஸ் நம்பர் தெரியாமல் எதிர்த்திசையில் ஏறிப் போகிறவன். அதையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்களாம். எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது என்று அவன் அம்மா வந்து அழுதாள். மூன்று பேரையும் அன்று மாலையே விட்டுவிட்டார்கள்.

உன்னை விடாததற்குக் காரணம் நாற்பத்தோராம் பக்கம்தான். அதில் இரண்டாவது வால்வு என்று ஒன்று எழுதியிருக்கிறாய். ஊருக்கு மோட்டார் பழுது என்று சொல்லிவிட்டு, அந்த வால்வு வழியாகத் தண்ணீரையெல்லாம் பட்டாளத்து முகாமுக்குத் திருப்புகிறார்கள் என்று. ‘இதை இவனுக்கு யாரும்மா சொன்னா?’ என்று மூன்று தடவை கேட்டார். கற்பனைதான் ஐயா என்றேன். நான் நீரேற்று நிலையத்தில் வேலை பார்ப்பதையும் கேட்டார். எங்கள் மேற்பார்வையாளர் அதற்கு எழுதியே கொடுத்துவிட்டார், டைப் அடிக்கிறவளுக்கு என்ன தெரியும், கொடுத்ததை அடிப்பாள் என்று. நீயும் கற்பனை என்றே சொல்கிறாயாம். அப்படியே சொல்லிக்கொண்டிரு.

ஊரில் நம் கிழக்குத் தெருக்களுக்கு இன்னும் தண்ணீர் ஒழுங்காக வரவில்லை. மோட்டார் பழுது என்று போன வாரமும் நான்தான் அறிவிப்பு அடித்து ஒட்டினேன். ஜனங்கள் குட்டைத் தண்ணீரை எடுக்கிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் போட இடமில்லை. தையற்காரர் வீட்டுச் சின்னது சனிக்கிழமை போய்விட்டது. அவரைத் தெருவில் பார்த்தேன், தலையைக் குனிந்துகொண்டு கடந்துவிட்டேன்.

தைரியமாக இரு. கொடுக்கிறதைச் சாப்பிடு.

உன் அக்கா


செவ்வாய்க்கிழமை

தம்பிக்கு,

வக்கீல் மூலம் உன் சட்டை துவைக்க வந்தது. துவைத்துவிட்டேன். மூன்று தண்ணீர் மாற்றி அலசினேன். தோள்பட்டையில் கிழிந்திருந்ததைத் தைத்துவிட்டேன், பொத்தான் இரண்டு கிடைக்கவில்லை. இதற்குமேல் அந்தச் சட்டையைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

நோட்டில் இருக்கிற மற்றதையெல்லாம் விளையாட்டு என்று நம்பிவிட்டார்கள் என்று வக்கீல் சொல்கிறார். ஆனால் அந்த அதிகாரி உன்னைவிடக் கெட்டிக்காரராக இருக்கிறார். நோட்டில் மொத்தம் பன்னிரண்டு ரகசியம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், இது தெரிந்த ஆள் யார் என்று ஒரு கட்டம். ஆள் இல்லாவிட்டால் விளையாடுகிறவர்கள் யாரைக் கேட்டுக் கண்டுபிடிப்பார்கள்? பதினொன்றில் ஆள் இருக்கிறது. வால்வுக்கு மட்டும் கட்டம் காலி. ‘ஆளை மறைக்கிறான்னா ஆள் நெசமாவே இருக்கு’ என்று சொன்னாராம்.

அதனால் எங்கள் பம்பு ஆபரேட்டரையும் வெள்ளிக்கிழமை கொண்டுபோய்விட்டார்கள். வால்வைத் திருப்புகிறவர் அவர், அவரிடமிருந்துதான் சேதி வெளியே போயிருக்கும் என்கிறார்கள். அவர் சம்சாரம் காலையில் வந்து எங்கள் ஆபீஸ் படியில் உட்கார்ந்தால் நான் வேலை முடிந்து கிளம்பும்வரை எழுந்திருப்பதில்லை. அவளைத் தாண்டித்தான் நான் உள்ளே போகிறேன், தாண்டித்தான் வெளியே வருகிறேன்.

நீ வக்கீலிடம் சொல்லியனுப்பியது வந்து சேர்ந்தது. அக்காவைப் பழைய நோட்டு எதையும் தேட வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றாயாம். சின்ன வயதிலிருந்து, வேண்டாம் என்று நீ சொன்ன எதை நான் செய்யாமல் இருந்திருக்கிறேன்?

எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை.

அக்கா


திங்கட்கிழமை

என் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை முதலில் படிக்கப் போவது நீ இல்லை. இத்தனை நாள் அதற்குப் பயந்து எழுதினேன். இன்றைக்கு அதற்காகவே எழுதுகிறேன். அதிகாரி ஐயாவுக்கு வணக்கம். நிதானமாகப் படியுங்கள், இதில் சங்கேதம் எதுவும் இல்லை.

நீ தேட வேண்டாம் என்ற பழைய நோட்டுகளில் எட்டாவது கிடைத்துவிட்டது. அம்மாவின் மெத்தைக்கு அடியில் இருந்தது. சோதனைக்கு வந்தவர்கள், முட்டிவலிக்காரியை எழுப்ப மனமில்லாமல் போனார்களே, அன்றைக்கு அவள் அதன் மேல்தான் படுத்துக்கொண்டிருந்தாள். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். ‘விரிப்பை மாத்துறதா இருந்தா மாத்து, கேள்வி கேக்காதே’ என்றாள்.

எட்டாம் நோட்டில் அந்த ஊரின் முதல் வரைவு இருக்கிறது. அதில் வால்வுக்கு எதிரே கட்டம் காலியாக இல்லை. தட்டச்சுக்காரி என்று எழுதியிருக்கிறாய். ஆசை: தம்பி இந்த ஊரை விட்டுப் போய்ப் பிழைத்துக்கொள்ள வேண்டும். பயம்: அவன் போய்விடுவான். பொய்: மோட்டார் பழுது. கீழே, விளையாட்டை நடத்துகிறவருக்கு ஒரு குறிப்பும் இருக்கிறது. இவள் கெட்டவள் இல்லை. மிரட்டினால் வாயைத் திறக்க மாட்டாள். உட்காரச் சொல்லி, சாப்பிட்டாயா என்று யாராவது கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள்.

படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். இந்த முப்பத்தொன்பது வயதில் என்னை யாரும் இவ்வளவு கவனித்துப் பார்த்ததில்லை. ஒன்பதாம் நோட்டில் என்னைத் துடைத்துவிட்டாய். வால்வையும் சேர்த்துத் துடைத்திருக்கலாமே, மடையா. அதை எடுத்தால் உன் ஊர் முழுவதும் சரிந்துவிடும் என்று நினைத்திருப்பாய். கட்டின வீட்டில் ஒரு செங்கல்லை உருவ மனம் வராத கொத்தனார் மாதிரி, கதை கெட்டுப்போகுமே என்று விட்டுவைத்தாய். உன்னை எனக்குத் தெரியாதா?

இனி அதிகாரி ஐயாவுக்குச் சொல்ல வேண்டியது. இவனுக்கு வால்வைப் பற்றிச் சொன்னது நான். எனக்கு யாரும் சொல்லவில்லை. என் மேஜை மோட்டார் அறைச் சுவரை ஒட்டி இருக்கிறது. மோட்டார் பழுது என்று நான் அடித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் எங்கே போகிறது என்று குழாயைத் தொட்டுப் பார்த்தேன், முகாம் பக்கம் போகிற குழாய் சில்லென்று இருந்தது. டைப் அடிக்கிறவளுக்குக் காதும் கையும் இருக்கும் என்று எங்கள் மேற்பார்வையாளருக்குத் தோன்றவில்லை. ஒரு நாள் குட்டையிலிருந்து இரண்டு குடம் சுமந்து வந்த ஆத்திரத்தில், மோட்டாரைத் திட்டிக்கொண்டிருந்த தம்பியிடம் உளறிவிட்டேன். பம்பு ஆபரேட்டருக்கும் சேதி வெளியே போனதற்கும் சம்பந்தமே இல்லை. எட்டாம் நோட்டின் அந்தப் பக்கத்தைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்து இவனுடையது, தேதி போன மாசியில் போட்டது.

தம்பி, உளறினதற்கு நான் வருத்தப்படவில்லை. உன்னிடம் மட்டும் உளறினதற்குத்தான் வருத்தப்படுகிறேன். அன்றைக்கே தெருவில் நின்று சொல்லியிருந்தால் தையற்காரர் வீட்டுக் குழந்தை பிழைத்திருக்கும். ஒவ்வொரு வாரமும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அடியில் முத்திரை குத்தி ஒட்டினேன். கேட்டால் மேலதிகாரி சொன்னார் என்று சொல்லலாம். அந்தக் குழந்தையின் அப்பாவிடம் போய் அதைச் சொல்லிப் பார்க்கட்டும் யாராவது.

இன்று காலையில் கார்பன் வைத்து நாற்பது பிரதி அடித்தேன். மோட்டார் பழுது இல்லை, தண்ணீர் முகாமுக்குப் போகிறது, குட்டைத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள் என்று மூன்றே வரிகள். ஆஸ்பத்திரி வாசலில், பள்ளிக்கூடச் சுவரில், கிழக்குத் தெருக்களின் ஒவ்வொரு குழாயடியிலும் ஒட்டிவிட்டேன். முதல் பிரதியைப் பம்பு ஆபரேட்டரின் சம்சாரம் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். எழுந்து மீதிக் கட்டில் பாதியை வாங்கிக்கொண்டு என்னோடு நடந்தாள். ஊருக்கே தெரிந்துவிட்ட ஒன்றை யார் சொன்னது என்று உன்னை வைத்துக் கேட்க இனி என்ன இருக்கிறது? இப்போது உன்னையும் ஆபரேட்டரையும் விட்டுவிடுவார்களா என்று வக்கீலைக் கேட்டேன். விடலாம் என்றார். ‘லாம்’ போடாமல் அந்த மனிதர் இதுவரை ஒரு வாக்கியம் பேசியதில்லை.

இந்தக் கடிதத்தை முகாம் வாசலில் நானே கொடுக்கப் போகிறேன். கொடுத்துவிட்டு அங்கேயே நிற்பேன்.

அம்மாவுக்குக் காலையில் ஒரு மாத்திரை, படுக்கும் முன் ஒரு மாத்திரை. முட்டியில் எண்ணெய் தேய்த்தால் வேண்டாம் என்பாள், கேட்காதே. நான் எங்கே என்று கேட்பாள். ஒரு ஊரையே கட்டினவன் நீ, அவளுக்குச் சொல்ல ஒரு பொய் கட்ட மாட்டாயா? அவள் நம்ப மாட்டாள், நம்பின மாதிரி இருப்பாள். அது போதும்.

இன்னும் ஒன்றுதான் கேட்கிறேன். உன்னிடம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். என்ன எழுதியிருந்தாலும் போடு. கதவைத் திறந்தால் போ. அந்த விசாரணை அறைகளுக்கு நடுவே சுவர் மெல்லியதுதான் என்று சோடாபுட்டி சொன்னான். பக்கத்து அறையிலிருந்து என் குரல் கேட்டால், அது நான் இல்லை. அக்காவுக்கு அப்படியெல்லாம் கத்தத் தெரியாது என்று உனக்குத் தெரியுமே. நின்றுவிடாதே. எனக்காக எதையும் ஒப்புக்கொள்ளாதே, ஒரு வார்த்தை பேசாதே. வீட்டுக்குப் போ, கண்ணே. நன்றாக இரு.

அக்கா