புது வீடு இல்லாத ஊர்

1957 மார்ச் 5, செவ்வாய்

காலையில் கடும் பனி. பகலில் சுள்ளென்று வெயில். பாப்பாவுக்கு இன்றும் ஐந்து தடவை வயிற்றோட்டம். ஹட்டன் டாக்டர்: தண்ணீரைக் கொதிக்கவை. கொதிக்கவைத்துத்தான் கொடுக்கிறேன். மேட்டில் வீடு பெருகப் பெருக, அத்தனை அழுக்கும் நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலியில் இறங்குகிறது.

பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கவுன்சில் கூட்டத்துக்குப் போனேன். இனிப் புதிதாக வீடு கட்டுகிறவர் தலைக்கு நூற்றைம்பது ரூபாய் கட்டவேண்டும். அந்தக் காசில் தண்ணீர்த் தொட்டி, எங்கள் தெருவரை குழாய். நியாயம். இந்தச் சபையிலா இப்படியொரு நியாயம் என்று நினைத்து முடிப்பதற்குள் தலைவர்: "பதினஞ்சாந் தேதிக்கு முந்தி அத்திவாரம் போட்டவங்களுக்கு வேணாம்."

உறுப்பினர் ஏழு பேரின் கையும் ஒன்றாக உயர்ந்தன. ஏழு பேருக்கும் மேட்டில் வெற்று நிலம். மகா கனவான்கள்.

மார்ச் 11, திங்கள்

சவர்க்காரம், மண்ணெண்ணெய், பாப்பாவுக்குக் கம்பளிக் காலுறை.

மேட்டில் மணிச்சத்தம் ஓயவில்லை. புல்லின் மேல் ஒரு கல், அதற்குச் சந்தனம், குங்குமம். அத்திவாரமாம்! பூசாரி ஓட்டமும் நடையுமாக. "நல்ல நேரமெல்லாம் தீந்துபோச்சும்மா. ராகு காலந்தான் மிச்சம், வேணுங்களா?"

மளிகைக்கடைக்கார முஸ்லிம் நானா: "நீங்க இன்னும் கல்லு வைக்கலியா டீச்சர்? எல்லாம் முந்தியே கட்டுன கணக்கு, ஊர்ல புது வீடே இல்லாமப் போகப்போகுது!"

மார்ச் 14, வியாழன்

வீடு திரும்பிய என் வீட்டுக்காரர் சட்டையில் குங்குமம். "நம்ம எடத்துலயும் ஒரு கல்லு வச்சிட்டேன். நூத்தம்பது மிச்சம்." கணக்கு வாத்தியார்!

எல்லாரும் மிச்சம் பிடித்தால் குழாய் எந்தக் காசில் என்று கேட்டேன்.

"நம்ம ஒருத்தர் குடுத்தா மட்டும் வந்துருமா?"

பாப்பாவுக்குக் கண் குழிவிழுந்திருக்கிறது. நிலம் என் பெயரில் என்பது அவருக்கு மறந்துவிட்டது.

மார்ச் 16, சனி

விடிந்ததும் அவர் வைத்த கல்லைப் புரட்டி ஓரமாகத் தள்ளினேன். மேடு முழுக்க நடந்தேன். பதினெட்டுக் கல். ஓரிடத்திலும் மண்வெட்டி படவில்லை.

கவுன்சில் கிளார்க்கிடம் பணம். வேலையை விடுமுன் சேர்த்தது.

"ஒங்க வீட்டுக்காரர் அத்திவாரம் போட்டாச்சின்னு எழுதிக் குடுத்துட்டாருங்களே, டீச்சர்?"

"நெலம் என்னோடது. அங்க அத்திவாரம் இல்ல. ரசீது எழுதுங்க."

முதல் ரசீது. பிறகு மனுவை நீட்டினேன்: குழி தோண்டாத கல் அத்திவாரம் ஆகாது. கீழே, அப்படிக் கல் மட்டும் வைத்த நிலக்காரர்களின் பெயர்கள்.

படித்தார். குரல் இறங்கியது. "தலைவர் பேரும் இருக்குங்களே..."

"மொதப் பேரே அதுதாங்க. வாங்கி முத்திரை குத்துங்க."