பின்சுவர் பக்கம் திரும்பிய தண்டு

அன்புள்ள ரெங்கநாயகிக்கு,

இதைக் காலி டிபன் கேரியரில் வைக்கிறேன். கழுவ எடுக்கும்போது பார்ப்பாய். நேரில் கேட்டால் ரசத்தில் உப்பு சரியா என்று பேச்சை மாற்றிவிடுகிறாய்.

காட்டூர் ஆய்வகத்தில் நாங்கள் கம்பியில் தொங்கவிட்டிருக்கும் உலோகத் தண்டு உனக்குத் தெரியும். தொலைதூரக் கருந்துளைகளிலிருந்து வரும், நிதானமாக ஏறி இறங்கும் ஈர்ப்பு அலை பட்டால், அது துளியூண்டு திரும்பும். தரையின் அதிர்வை எப்படியோ அடக்கிவிடலாம். பக்கத்தில் இருக்கும் எடையின் இழுப்பை, அது ஓர் ஆளின் எடையானாலும், எந்தச் சுவராலும் தடுக்க முடியாது. அதனால்தான் உன்னைக்கூட நான் உள்ளே விட்டதில்லை.

இந்த வாரம் மத்தியானம்தோறும் தண்டு பின்சுவர் பக்கம் திரும்பியது. அலைதான் என்று குதித்தேன். கூட வேலை செய்யும் முரளிதரன் சிரித்தான்: "தினம் சாப்பாட்டு நேரத்துக்கா சார் அலை வரும்?"

வெளியே போய்க் காவலுக்கு இருக்கும் வீராயியைக் கேட்டேன்.

"உங்க வீட்டம்மாதான் சார் வந்து பின்சுவத்தோரப் பெஞ்சுல உக்காந்துட்டுப் போறாங்க. கையில ஆஸ்பத்திரிக் கவர். கூப்பிடட்டுமான்னா வேணாம்கிறாங்க."

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்து, பஸ் மாறி, இவ்வளவு தூரம் வந்தும் என்னைப் பார்க்காமல் போயிருக்கிறாய். அந்தக் கவரில் என்ன இருக்கிறது? கொஞ்ச நாளாகப் பூ வைத்துக்கொள்ள இடது கையைத் தூக்க மாட்டேன் என்கிறாயே, அதுவா?

நாளை கருவியை நிறுத்தப்போவதில்லை. நீ வரும்போது அந்தப் பெஞ்சில் நான் உட்கார்ந்திருப்பேன். இரண்டு பேர் எடைக்கு எவ்வளவு திரும்புமோ, திரும்பட்டும்.

இப்படிக்கு,
சுவருக்கு உள்ளேயே இருந்துவிட்டவன்