இருட்டறைக்கு வெளியே அடித்த போன்

திருத்தணி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பாவாவுக்கு,

உங்கள் மனைவி சுசித்ரா எழுதுவது. நானும் அத்தையும் சுகம். மலைமேல் காவலில் இருக்கிறவர்களுக்குத் தபால் போக நாளாகும், பனியில் பாதை அடைத்திருக்கிறது என்று உங்கள் படைப்பிரிவு அலுவலகத்தில் சொன்னார்கள். போகிறபோது போகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

புத்தாண்டுப் படித் திருவிழாவுக்கு மலைக்கோயிலுக்கு வந்த கூட்டம் இன்னும் வடியவில்லை. சென்னைக்கு ரயிலில் நின்றுகொண்டேதான் போய் வருகிறேன்.

என் ஆராய்ச்சி ஒருவழியாகக் கைகூடிவிட்டது. "குளத்துப் பாசிக்கு டாக்டர் பட்டமா?" என்று கேலி செய்வீர்களே, அந்த நீலப்பச்சைப் பாசிதான். வெளிச்சத்தில் அது கரியமில வாயுவை எடுத்து மாவுச்சத்தாகச் சேர்த்துவைக்கும். வெளிச்சமும் காற்றும் இல்லாமல் அடைத்துவிட்டால், சேர்த்ததைக் கரைத்து உயிரைப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்டிக் செய்ய உதவுகிற சக்சினிக் அமிலத்தைத் தண்ணீரில் விடும். நடுவில் கொஞ்சம் வெளிச்சம் பட்டாலும் அமிலம் குறைந்துவிடுகிறது. யாராவது கதவைத் திறந்து எத்தனையோ முறை கெட்டுப்போனது. இந்த முறை எல்லாக் குப்பிகளிலும் ஒன்றுபோல வந்தது. ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற மேடம் கையைப் பிடித்துக் குலுக்கினார். உங்களிடம் சொல்லத்தான் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை போன் அடித்தது, பாவா. திரை வெளிச்சம்கூட ஆகாது என்று அதை வெளியே மேசையில் வைத்துவிட்டு இருட்டறைக்குள் இருந்தேன். மணி கேட்டது. ஊசி குப்பிக்குள் இருந்தது. கதவைத் திறந்தால் அத்தனையும் வீண். ஏதோ விளம்பர அழைப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். வெளியே வந்து பார்த்தால், மலையிலிருந்து நீங்கள் கூப்பிடும்போது வருவதுபோல நீளமான எண். திருப்பிக் கூப்பிட்டேன், போகவில்லை. நீங்கள்தான் என்று யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே அத்தை. "எம் புள்ள ஹரி போன் பண்ணானா? மிலிட்டரி வண்டி கவுந்துச்சின்னு டி.வி.ல காட்டிகினே கீறான்" என்றார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"ஆங், பண்ணாரு அத்தே. நல்லா இருக்காராம்" என்று சொல்லிவிட்டேன்.

"இன்னா பேசினான்?"

"நீங்க சாப்ட்டீங்களான்னுதான் மொதல்ல கேட்டாரு."

அழுதார். அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து தினமும், வேறு என்ன சொன்னான், வேறு என்ன சொன்னான் என்று கேட்கிறார். குளிர் தாங்குகிறதாம், இருமல் இல்லையாம், சித்திரையில் விடுப்பு கேட்டிருக்கிறாராம் என்று தினம் ஒன்று சொல்கிறேன். நேற்று, குரல் எப்படி இருந்தது என்று கேட்டார். பால் பொங்குகிறது என்று அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இப்போதெல்லாம் இருட்டறைக்குள் போகுமுன் போனை என்னோடு படிக்கிற மோனிஷாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். எந்த எண்ணாக இருந்தாலும் எடுத்துவிடுவாள்.

முருகன் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். பேச முடிகிற அன்று முதலில் அத்தையைக் கூப்பிடுங்கள். செவ்வாய்க்கிழமை என்னோடு பேசியதாக அவரிடம் சொல்லுங்கள், பாவா. என்னைப் பொய்யாக்கிவிடாதீர்கள்.

உங்கள்
சுசித்ரா