ஆமைத் தாத்தாவின் கோர்ட்டுப் பெயர்

லேடன் தீவு, தென் கரோலினா
அக்டோபர் 1993

அன்புள்ள அண்ணன் பாய்சிக்கு,

தங்கை மின்னா எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன், வீடும் நிற்கிறது. உன் முழங்கால் வலி, ஃபிலடெல்ஃபியாக் குளிர், அண்ணி, பிள்ளைகள், எல்லாவற்றையும் கடைசியில் விசாரிக்கிறேன். முதலில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். இல்லாவிட்டால் பேனா நகராது போலிருக்கிறது.

நீ அனுப்பிய கடிதமும் அதோடு வைத்திருந்த தாளும் வந்து சேர்ந்தன. தாத்தா உயில் எதுவும் எழுதவில்லை, நன்றாக விசாரித்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். உயில் இல்லாத நிலம் தாத்தாவின் வாரிசுகள் எல்லாருக்கும் பொது என்றும், சித்தப்பா மகன் லெம்மன் தன் பங்கை அந்த ஓட்டல் கம்பெனிக்கு விற்றுவிட்டான் என்றும், அந்த ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு கம்பெனி மொத்த நிலத்தையும் ஏலம் போடச் சொல்லிக் கோர்ட்டில் கேட்டிருக்கிறது என்றும் விளக்கியிருந்தாய். ஏலத்துக்கு முன்னால் நாம் இருவரும் கையெழுத்துப் போட்டு விற்றுவிட்டால் ஏதாவது தேறும், அடம் பிடிக்காதே மின்னா என்று முடித்திருந்தாய். நான் குடியிருக்கும் வீட்டை, அப்பா கண்ணை மூடிய அறையை, நாலே வரியில் முடித்துவிட்டாய்.

ஆனால் அப்பா சாகும்வரை ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார், உனக்கும் ஞாபகம் இருக்கும். "கிழவன் எழுதி வச்சிட்டுத்தான் போனான். தாளு கோர்ட்டுல தூங்குது. தூங்குறதை எழுப்பாதீங்க" என்பார். நம் கறுப்பு ஜனங்கள் எல்லாருமே அப்படித்தானே? கோர்ட்டுப் படி ஏறினால் நிலத்தின் மேல் வெள்ளைக்காரன் கண் விழும் என்று பயந்தே பரம்பரையாக அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. அந்தப் பயத்தை முதலாக வைத்துத்தான் இந்தக் கம்பெனிக்காரர்கள் பாதித் தீவை வளைத்தார்கள். சரி, எழுப்பித்தான் பார்ப்போமே என்று வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பாலம் தாண்டிப் போனேன்.

உயில் கோர்ட் எங்கே என்று கேட்டதற்கு முதலில் பத்திரம் பதிகிற இடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் வரி கட்டும் இடத்துக்குக் கையைக் காட்டினார். அங்கிருந்து பின்கட்டுக் கட்டடம். போய்ச் சேர்ந்தால் சாப்பாட்டு நேரம் என்று கதவைச் சாத்திவிட்டார்கள். திறந்த பிறகும் வக்கீல்கள் கோட்டை மாட்டிக்கொண்டு மாமியார் வீட்டுக்குள் நுழைவது மாதிரி நேராக உள்ளே போகிறார்கள். நான் மட்டும் பெஞ்சில். கடைசியில் கவுண்டர் பெண் கூப்பிட்டாள். என் வயதில் பாதி இருக்கமாட்டாள், "எர்னஸ்டின்!" என்று என் கோர்ட்டுப் பெயரை மொட்டையாகச் சொல்லிக் கத்துகிறாள். எனக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரி மட்டும் அவளுக்கு 'மேடம்'. பல்லைக் கடித்துக்கொண்டு போய் நின்றேன்.

இறந்தவர் பெயர் என்ன என்று கேட்டாள். மங்கின் என்றேன். "மங்கின்னு பக்கம் பக்கமா இருக்கு. முழுப் பேரு சொல்லுங்க" என்றாள். ஆமை மங்கின் என்றேன். சிரித்தாள் அண்ணா! வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்து மேசைக்காரியைப் பார்த்துச் சிரித்தாள். "ஆமையா? அதெல்லாம் பேரா? கோர்ட்டுல ஆமை, முயலுக்கெல்லாம் உயில் கிடையாது" என்றாள். கம்ப்யூட்டரில் ஒப்புக்கு எதையோ தட்டிவிட்டு, அப்படி ஓர் ஆளே இல்லை என்றாள். ஆளே இல்லையாம்! இந்த ஊர் பெரிய மனிதர்கள் மூன்று தலைமுறையாகத் தின்ற சிப்பியெல்லாம் யார் வாரிக் கொடுத்தது? பேயா வந்து வாரியது?

ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் உறைத்தது. தாத்தாவின் கோர்ட்டுப் பெயர் எனக்கு நிஜமாகவே தெரியாது. கூடையில் கிடக்கிற வயதில் வைக்கிற பெயரைத்தானே நம் தீவில் சாகும்வரை கூப்பிடுகிறோம்? வெளியாள் கேட்டால் உண்மைப் பெயரைச் சொல்லாதே என்றுதானே நம்மை வளர்த்தார்கள்? அவர் நடக்கப் பழகவே வெகு காலம் ஆனதால் ஆமை. நான் மின்னா, நீ பாய்சி. பெரிய புயல் அடித்த வருஷம் தாத்தா செத்தபோது எனக்கு விவரம் தெரியாத வயது. பேரனாவது அறிவான் என்றுதான் அன்று சாயங்காலமே உனக்குப் போன் போட்டுக் கேட்டேன். "எனக்கெப்படிடி தெரியும்? ஆமைன்னுதான எல்லாரும் கூப்பிட்டாங்க. விடு, செத்தவரை ஏன் தொந்தரவு பண்ற?" என்றாய். நீ சொன்னதை நம்பினேன்.

சரி, கல்லறையில் இருக்கும் என்று அங்கே போனேன். நம் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றித்தான் இப்போது பணக்காரக் குடியிருப்பு, கேட், காவல். அதே கேட் வழியாகத் தினமும் படுக்கை விரிக்கிற வேலைக்குப் போகிறேன், அப்போது யாரும் ஒன்றும் கேட்பதில்லை. வேலை உடுப்பு இல்லாமல் போனதும் காவல்காரன் மறித்தான். யாரைப் பார்க்க வேண்டும் என்றான். என் தாத்தாவை என்றேன். "எந்த வீட்ல தங்கியிருக்காரு?" என்று கேட்டான். "கோல்ஃப் மைதானத்துக்கு அந்தப் பக்கம் படுத்திருக்காருப்பா, என்னைக்கும் ரூமைக் காலி பண்ண மாட்டாரு" என்று சொல்லிவிட்டு நடந்தேன். போய்ப் பார்த்தால் மரப்பலகையில் ஓர் ஆமை மட்டும் செதுக்கியிருக்கிறது. எழுத்து ஒன்றுகூட இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன், வெட்கப்படாமல் எழுதுகிறேன்.

மறுபடியும் கோர்ட்டுக்குப் போனேன். இந்தத் தடவை தேவாலய உடுப்பு, தொப்பி, எல்லாம். அந்தப் பெண்ணிடம் முகத்துக்கு நேராகச் சொன்னேன். "இது பொதுப் பதிவு. வக்கீல் கேட்டா எடுத்துக் குடுக்குற, அதே புத்தகத்தை எனக்கும் எடுத்துக் குடு. நானே தேடிக்கிறேன். முடியாதுன்னா முடியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு, நீதிபதிகிட்டக் காட்டுறேன்" என்றேன். கையெழுத்து என்றதும் அம்மணி அடங்கிப்போனாள். கீழே நிலவறைக்கு அனுப்பினாள். அங்கே டியூட்டன் என்று ஒரு வயதான வெள்ளைக்காரர் பழைய பதிவுகளைப் பார்த்துக்கொள்கிறார். "உக்காருங்கம்மா, எத்தனை நேரம் வேணாலும் பாருங்க. இதுக்கு யாரும் காசு வாங்கக் கூடாது, யாரும் தடுக்கவும் கூடாது" என்று சொல்லிப் பெயர்ப் புத்தகத்தை எடுத்துப் போட்டார். இதைச் சொல்ல மேலே ஒருத்திக்கும் வாய் வரவில்லை பார்.

மங்கின்கள் பக்கம் பக்கமாகத்தான் இருந்தார்கள். ஒருவரைக்கூட எனக்கு அடையாளம் தெரியவில்லை. எல்லாரும் நம் தீவில் பிறந்து செத்தவர்கள். எத்தனையோ பேர் என்னை மடியில் போட்டுக் கொஞ்சியிருப்பார்கள். யாரும் ஒருநாளும் கூப்பிடாத பெயரில் கிடக்கிறார்கள். விரலை வைத்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஒரு பெயரில் நின்றுவிட்டேன். அபெட்னிகோ மங்கின்.

உன் பெயர். மாதாமாதம் கடித உறையின் மேல் நான் எழுதுகிற பெயர். செத்தவர்கள் புத்தகத்தில் அது கிடக்கிறது, தெரியுமா? ஐயோ, என் அண்ணனுக்கு என்ன ஆச்சு என்று பதறினேன். பிறகுதான் வருஷத்தைப் பார்த்தேன். புயல் அடித்த வருஷம். கிழவன் பேரை உனக்கு வச்சிருக்கேன்டா, காப்பாத்து என்று அப்பா உன்னிடம் சொல்லுவாரே, அதெல்லாம் ஞாபகம் வந்தது. நீ எதற்கும் மெதுவாகக் கிளம்புகிறவன், அதைத்தான் ஆமை என்று கேலியாகச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். கண்ணெதிரே இருந்ததைப் பார்க்காத முட்டாள் நான்.

சந்தோஷத்தில் கத்திவிட்டேன். இதுதான், இந்தக் கோப்புதான் வேண்டும் என்று டியூட்டனிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்துச் சிரித்தார்.

"இதுவா? அடடே, இது கைக்கெட்டுற தூரத்துலதான் இருக்கு. போன வசந்தத்துலதான் எடுத்தேன். அதே பேரு போட்ட டிரைவிங் லைசென்ஸோட ஒருத்தர் வந்தாரும்மா. 'என்னய்யா, உங்க உயிலை நீங்களே படிக்க வந்தீங்களா?'ன்னு கிண்டல் பண்ணினேன். சிரிக்கவே இல்லை மனுஷன். படிச்சாரு, திருப்பிக் குடுத்தாரு, நகல் வேணாம்னுட்டாரு. நான் வீட்டுக்குக் கிளம்புறப்போ பாக்குறேன், வாசப்படியில உக்காந்து அவிச்ச வேர்க்கடலை தின்னுக்கிட்டு இருக்காரு. காலை ஒரு மாதிரி நீட்டி வச்சிருந்தாரு. உங்களுக்குச் சொந்தமா?"

ஆமாம், தூரத்துச் சொந்தம் என்றேன்.

உயிலைப் படித்தேன். நீ படித்ததுதான், இருந்தாலும் எழுதுகிறேன், உனக்கு மறந்து போயிருக்கலாம். "இந்த நிலம் எனக்குப் பின் என் மகன் சாமுக்கு. அவனுக்குப் பின், அவன் பிள்ளைகளில் இந்த மண்ணில் இருப்பவருக்கு. வெளியூர் போனவர்களுக்கு இதை விற்க உரிமை இல்லை. ஆனால் அவர்கள் வந்தால், இருப்பவர் அவர்களுக்குச் சோறு போட வேண்டும், படுக்க இடம் கொடுக்க வேண்டும்." கீழே நீதிபதி கையெழுத்து, கோர்ட் முத்திரை.

ஆக, எல்லாம் நம் அப்பாவுக்கு. லெம்மனுக்குப் பங்கே கிடையாது. இல்லாத பங்கைக் கம்பெனி வாங்கியிருக்கிறது. உனக்கும் கிடையாது. அதனால்தான் உயில் இல்லை என்றாய். உயில் இருந்தால் நிலம் எனக்கு. இல்லாவிட்டால் உனக்கும் விற்க ஒரு துண்டு. எவ்வளவு சுலபமான கணக்கு! கவுண்டர்ப் பெண் தாத்தாவை ஆளே இல்லை என்றாள். அவள் யாரோ, அவளைத் திட்டிவிட்டு வந்துவிட்டேன். நீயும் அதையேதானே சொன்னாய்? அவர் பெயரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எனக்கெப்படிடி தெரியும் என்றாய். உன்னை நான் எந்தக் கவுண்டரில் போய்த் திட்டுவது?

இதைக்கூட ஒருநாள் விழுங்கிக்கொள்வேன் அண்ணா. வேலை போயிருக்கும், பிள்ளைக்கு ஏதோ அவசரம், அண்ணிக்கு உடம்புக்கு வந்திருக்கும், என்னவோ கஷ்டம். கேட்டிருந்தால் என் காதில் கிடப்பதைக் கழற்றிக் கொடுத்திருப்பேன். என்னால் தாங்க முடியாதது வேறு. அத்தனை தூரம் வந்திருக்கிறாய். கோர்ட் வாசலிலிருந்து பார்த்தால் நம் பாலம் தெரியும். அன்றைக்கு நான் வீட்டில்தான் இருந்திருப்பேன், அடுப்பில் சிவப்பு அரிசிச் சோறும் இறாலும் இருந்திருக்கும். நீ படியில் உட்கார்ந்து கடலை தின்றுவிட்டு அப்படியே பஸ் ஏறிவிட்டாய். அப்படி என்ன செய்துவிட்டேன் உனக்கு?

உயிலுக்கு முத்திரை போட்ட நகல் வாங்கிவிட்டேன். ஏழைகளுக்கு வாதாடுகிற இலவச வக்கீல் அம்மா அதைக் கோர்ட்டில் சேர்த்துவிட்டார். கம்பெனி வக்கீல் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆகிவிட்டதாம். உயிலை முன்பே பார்த்தவர் யாராவது உண்டா என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்து யாரும் இல்லை என்று சொல்லிவிட்டேன். டியூட்டனை யாரும் எதுவும் கேட்கவில்லை. நீ அனுப்பிய தாளைக் கையெழுத்து இல்லாமல் இத்துடன் வைத்திருக்கிறேன். குளிர்காலம் வருகிறது, அடுப்பு மூட்ட உதவும்.

இப்போது விசாரிக்கிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது? படியில் உட்காரும்போது இன்னும் நீட்டித்தான் வைக்க வேண்டியிருக்கிறதா? அண்ணி சுகமா? பிள்ளைகள் சுகமா? என்ன கஷ்டம் என்று எழுது. பூசி மெழுகாமல் எழுது.

நான் உன்மேல் கோபமாக இருக்கிறேன், சீக்கிரம் ஆறாது. நீ வந்தாலும் முகம் கொடுத்துப் பேசுவேன் என்று எதிர்பார்க்காதே. ஆனால் சோறு போடுவேன். போட மாட்டேன் என்று நானே நினைத்தாலும் முடியாது, தாத்தா எழுதி வைத்திருக்கிறார், கோர்ட் முத்திரை குத்தியிருக்கிறது. படுக்கையும் விரித்து வைத்திருக்கிறேன், அப்பாவின் அறையில். நம் தெருவில் கேட் இல்லை, லைசென்ஸ் காட்ட வேண்டாம். பாலம் தாண்டி வந்து பாய்சி என்று சொல், போதும்.

கடவுள் உன் காலையும் உன் குடும்பத்தையும் காக்கட்டும்.

உன் தங்கை
மின்னா