நிலம் கேட்ட நோட்டீஸ்

சென்னை,
12.8.1988

அன்புள்ள அப்பாவுக்கு, கண்ணாயி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா?

ஓர் எழுத்து, படிப்பவர் மனத்தை எப்படி இழுக்கிறது என்று கல்லூரியில் கட்டுரை கேட்டார்கள். நம் நாகலூர்த் தோட்டத்தை விலைக்குக் கேட்டு ஓட்டல்காரர்கள் கொடுத்ததாக நீங்கள் அனுப்பிய நோட்டீஸையே எடுத்துக்கொண்டேன். “மலையில் உழைத்தது போதும், இனி நிழலில் வாழுங்கள்” என்ற வரியை ஏமாற்று என்று எழுத உட்கார்ந்தேன். காப்பி மூட்டை சுமக்கும் உங்கள் முதுகு நினைவுக்கு வந்து, விற்றுவிடலாம் என்று எனக்கே தோன்றிவிட்டது.

“நொம்ப நல்லவங்களாட்டம் எழுதியிருக்காங்க கண்ணு” என்று அம்மா சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

கட்டுரையைப் படித்த பேராசிரியை, “விற்கச் சொல்றியா, வேண்டாங்கறியா?” என்று சிரித்தார்.

நம் காப்பித்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே காப்பி வாயில் வைக்க முடியவில்லை. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. நான் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள், அப்பா. வந்து என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

உங்கள் மகள்,
கண்ணாயி