இரண்டு நாழிகை முந்தி வந்த கடல்

சாந்திபூர்,
புதன்கிழமை.

அன்புள்ள மகன் பன்ஷிக்கு அம்மா எழுதுவது. ஜகந்நாதர் புண்ணியத்தில் நானும் உன் மகள் ஜரணாவும் நலமாக இருக்கிறோம், சூரத்தில் நீயும் மருமகளும் அப்படியே இருக்க வேண்டும். நீ போனில் போட்ட சத்தத்தில் நான் சொல்ல வந்ததை நீ கேட்கவே இல்லை. ஜரணா பயணிகளைக் கடலுக்குள் கூட்டிப் போனது போதும், இன்னும் பதினைந்து நாளில் வந்து அவளை அழைத்துப் போகிறேன் என்றாய். புறப்படுவதற்கு முன் இதைப் படி.

போன சனிக்கிழமை, கொல்கத்தாவிலிருந்து வந்து விடுதியில் தங்கிய ஆறு பேருக்கு, கடல் உள்வாங்கிய மணலில் நடந்துபோய்ச் சிவப்பு நண்டு பார்க்க ஆசை. எத்தனை மணி வரைக்கும் இருக்கலாம் ஜேஜேமா என்று ஜரணா கேட்டாள். இன்று துவாதசி, மூன்று மணி வரைக்கும் பயமில்லை என்றேன். முப்பது வருஷமாக இந்தக் கரைக்குத் திதி பார்த்துத் தண்ணீர் நேரம் சொல்கிறவள் நான், அஞ்சாம் வகுப்பு படித்தவள் என்று படகுக்காரர்களே வந்து கேட்பார்கள். இப்போது பஞ்சாங்க எழுத்து எறும்பு ஊர்வது போலத் தெரிகிறது. படித்துச் சொல்லடி என்று பேத்தியிடம் கேட்க ரோஷம், அமாவாசையிலிருந்து விரல்விட்டே எண்ணிவிட்டேன். இரண்டு மணிக்குப் பழைய சோற்றில் கை வைத்திருந்தபோது பக்கத்து வீட்டு சுகாந்தி எட்டிப் பார்த்து, என்ன மாவுசி, ஏகாதசியும் அதுவுமா சோறு இறங்குதா, பல்லோட விரதமும் போச்சா என்று சிரித்தாள். நேத்தே இருந்து முடிச்சாச்சுடி என்றேன். நேத்து தசமி மாவுசி, இந்தத் தடவ நவமி ரெண்டு நாள் நின்னுச்சே என்றாள். ஒரு திதி தப்பினால் இரண்டு நாழிகை, ஏறக்குறைய ஒரு மணி நேரம் தப்பும்; மூன்று மணிக்கு என்று நான் சொன்ன தண்ணீர் இரண்டுக்கே வந்துவிடும். எச்சில் கையோடு ஓடினேன். தூரத்தில் ஆறேழு புள்ளிகள். நம் கடல் முன்னால் வந்து பயமுறுத்தாது, முதுகுக்குப் பின்னால் இருக்கிற பள்ளங்களை நிரப்பி வழியை அடைக்கும். முந்தானையை வீசிக் கூப்பிட்டேன், குரல் எட்டவில்லை. நல்லவேளை, காலடி மணல் நெகிழ்வதைப் பார்த்து ஜரணாவே மூன்று மணி வரை காத்திராமல் திரும்பியிருக்கிறாள். கடைசிப் பள்ளத்தில் அவள் மார்பு வரைக்கும் தண்ணீர், தோளில் ஒரு குழந்தை, பின்னலைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர். ஆறு பேரும் கரையேறினார்கள்.

ஏறியதும் விடுதி மேனேஜர், யாருடி உனக்கு நேரம் சொன்னது என்று கத்தினான். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. ஜேஜேமா ரெண்டு மணின்னு சரியாத்தான் சொன்னாங்க, நான்தான் மறந்துட்டேன் என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை, பன்ஷி. நான்கு நாள் திறக்கவில்லை. கேதகி பேத்திக்குக் கேதகி மூளை வரலையே என்று கரையில் பேசுகிறார்கள், அவள் தலைகுனிந்து கருவாடு காயப் போடுகிறாள். இன்று காலை படகுக்காரர்கள் முன்னால் போய் நின்று, நாளைத் தப்பாக எண்ணியவள் நான்தான் என்று சொன்னேன். இனிமே கிழவி நேரம் சொல்லக் கூடாது, பொண்ணோட அப்பன் சம்மதிச்சா அவளே பாத்துச் சொல்லி அவளே கூட்டிப் போகட்டும் என்றான் மேனேஜர். வலித்தது, தலையாட்டினேன். திட்ட வேண்டுமானால் என்னைத் திட்டு. இப்போது நீ அவளை அழைத்துப் போய்விட்டால், பேத்தியைக் காப்பாற்றத்தான் கிழவி பழியை ஏற்றாள் என்பார்கள், எனக்காக அவள் சொன்ன பொய் ஊருக்கு நிஜமாகிவிடும்.

மருமகளின் இருமலுக்கு மிளகு தட்டிக் கொடு. மகாபிரபு உங்கள் இருவரையும் காக்கட்டும். கடிதம் கிடைத்த அன்றே மேனேஜரிடம் பேசிச் சம்மதம் சொல், மறக்காதே.

உன் அம்மா,
கேதகி பெஹெரா