மேடம் சொன்ன வேலை

ஷாரோன் அப்பாவுக்கு, குவைத்திலிருந்து திலகாவின் ஸ்தோத்திரம். உங்கள் இருமல் குறைந்ததா? நம் பெருநகர் கிராமத்தில் நடவு முடிந்ததா?

என் முட்டிவலி நாற்பத்தாறு வயசுத் தேய்மானம் இல்லையாம், பயப்படாதீர்கள். இரண்டு வருஷமாக டாக்டரிடம் வீட்டு மேடம்தான் எனக்காக அரபியில் பேசினார். இந்தமுறை நம் வாலாஜாபாத்துப் பெண் ஒருத்தி நர்ஸாக இருந்தாள்.

"இன்னாக்கா, உன் சீட்டுல சமையல் வேலைன்னு எழுதிக்கீதே?" என்றாள்.

"இல்லம்மா, முட்டி போட்டுக்கினு தரை தேய்க்கிறேன்" என்றேன்.

டாக்டர் மறுபடி அழுத்திப் பார்த்தார். ஊன்றி ஊன்றி நீர் கோத்திருக்கிறதாம். இனி முட்டியே போடக் கூடாதாம்.

ஊரிலிருந்து யாராவது வந்தால் உங்கள் லுங்கி ஒன்று கொடுத்தனுப்புங்கள், முட்டிக்கு அடியில் மடித்து வைக்க. புதுசு வேண்டாம், நீங்கள் கட்டினது.

மேடம் கூப்பிடுகிறார். ஜெபத்துக்கு முட்டி போடுவதை நிறுத்திவிட்டேன். தரைக்குத்தான் நிறுத்த முடியவில்லை.

திலகா